புதுச் சதை

அம்மாவின் இடது கெண்டைக்காலில் இருந்த புண்ணுக்கு எங்கள் வீட்டில் ஒரு நேரம் இருந்தது. மாலை ஆறரை மணிக்கு, நான் பள்ளியில் பாடம் முடித்து வந்து, அவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழுந்துக் கறை படிந்த கைகளைத் தேய்த்துக் கழுவிய பிறகு, அடுப்படி ஓரத்தில் முக்காலி போட்டு உட்காருவார். நான் எதிரே மணையில் அமர்ந்து, அவர் பாதத்தை என் மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்து ஒட்டிய காஜ் துணியை ஆறவைத்த வெந்நீரில் நனைத்து நனைத்து எடுப்பேன். 2008ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தொடங்கிய இந்த வேலை 2013 ஜூன் மாதம் வரை நடந்தது. ஒரு மனிதரின் உடம்பில் உள்ளங்கை அகலமான ஓர் இடத்தை இவ்வளவு அருகிலிருந்து இத்தனை காலம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த இடத்தில் புற்றுநோய் முளைத்தபோது அதை முதலில் பார்த்தவளும் நான்தான். பார்த்து மகிழ்ந்தேன். புண்ணில் புதுச் சதை வளர்கிறது, இனி ஆறிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

நாள்பட்ட புண்ணில் தோல் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பது மருத்துவர்களுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. வருடக்கணக்கில் வீட்டில் கட்டு மாற்றுகிறவர்களின் காதுக்கு மட்டும் அது வந்து சேருவதில்லை. அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அம்மா 1973இல் 18 வயதில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தார். நுவரெலியாக் குளிர் பழகியவர்தான் என்றாலும், மஞ்சூர், குந்தாப் பக்கத்துச் சனவரி மாதம் அவருக்குப் புதிது. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது மார்கழிக்குள் உறைபனியாகி, விடியற்காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தாழ்வான இடங்களில் தேயிலைக் கொழுந்து தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பாகிய லயன் வீட்டின் ஒற்றை அறையில் குளிர்காய இரும்புச் சட்டியில் கரியும் விறகுத் தணலும் போட்டு நடுவில் வைத்திருப்போம். கணப்புச் சட்டி என்போம்.

1979 சனவரியில், நான் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, அம்மா கட்டியிருந்த நைலக்ஸ் சேலையின் ஓரம் அந்தச் சட்டியில் பட்டது. அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் ஆசையாகக் கட்டிய சேலை அது. மலிவு, சீக்கிரம் காயும், கசங்காது. பருத்தி எரிந்தால் சாம்பலாகி உதிரும். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். இடது முழங்காலின் பின்புறத்திலிருந்து கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேல் வரை அப்படித்தான் வெந்தது. மருத்துவமனையில் ஊதா மருந்து பூசினார்கள். நான்கு மாதங்களில் மூடியது. வேறிடத்தில் தோல் எடுத்து ஒட்டுகிற பேச்சே அப்போது எழவில்லை.

அந்த நான்கு மாதங்கள் ஏன் முக்கியம் என்பது எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. தீக்காயம் மூன்று வாரத்துக்குள் தானாக ஆறாது என்று தெரிந்தால், அது தோலில் மிக ஆழமாக இறங்கிய காயம் என்று கொண்டு, தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் விட்டால் உடம்பு தன்னால் இயன்ற வழியில் அந்த இடத்தை மூடும்: சுற்றியுள்ள தோலை இழுத்துச் சுருக்கி, நடுவில் பளபளவென்று காகிதம் போன்ற ஒரு படலத்தைப் போர்த்திவிடும். அதில் வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, போதிய இரத்த ஓட்டம் இல்லை, பல இடங்களில் தொடு உணர்வும் இல்லை. மடக்கி நீட்டுகிற இடமாகிய முழங்கால் மடிப்பில் அது வந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இழுபடும். அம்மா அந்தக் காலோடு சரிவில் நின்று கொழுந்து பறித்தார். கவாத்து வெட்டிய செடியின் கூர்முனைகள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தாண்டிக் கீறும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பனிக்காலத்தில் வடு தானாகவே வெடிக்கும். தை மாதம் வெடித்துச் சித்திரையில் மூடும் அந்தப் பிளவைப் பனி வெடிப்பு என்று சொல்லி, அம்மா வேப்பெண்ணெய் தடவுவார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இது பருவகாலம் போல வந்து போனது.

2008இல் அது மூடவில்லை. மழை முடிந்தும் திறந்தே இருந்தது, அடுத்த கோடையிலும் திறந்தே இருந்தது. ஐம்பது பைசா அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுக்கு வந்தது. வெளிறிய தரை, கொஞ்சம் மஞ்சள் சீழ், சரிந்த ஓரம். வலி கிடையாது. வலியில்லாத புண்ணைப் பற்றி யாரும் அவசரப்படுவதில்லை. எங்கள் பகுதியில் இருந்த மருந்தகத்தில் வாரம் ஒருமுறை கட்டுப் போடுவார்கள், மற்ற நாட்களில் நான். “பழகிப்போச்சு புள்ள, இது என்கூடவே பொறந்தது மாதிரி” என்று அம்மா சொல்வார். புண் பழகிப்போகும்போது அதைப் பார்க்கும் கண்ணும் பழகிப்போகிறது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கும் என்ற எண்ணத்தோடு கட்டை அவிழ்க்கும் கை, மாறியிருப்பதைத் தொட்டும் உணர்வதில்லை.

2012 செப்டம்பர் வாக்கில் புண்ணின் மேல் ஓரத்தில் சிவப்பாக, சின்னச் சின்ன மணிகளாகச் சதை எழுந்தது. நான்கு ஆண்டுகளாகக் குழியாகவே இருந்த இடம் நிரம்பி வந்தது. மருந்தகத்தில் கட்டுப் போடுபவரும் பார்த்துவிட்டு, நல்ல சதை பிடித்து வருகிறது என்றார். அன்று இரவு அம்மா பால் பாயசம் வைத்தார். இரண்டு மாதத்தில் அந்தச் சதை தோலின் மட்டத்தைத் தாண்டி மேலே வந்துவிட்டது. “பூக்கோசு மாதிரி வருது பாரேன்” என்று அம்மாதான் முதலில் சொன்னார். எங்கள் வீட்டுக்குக் கீழே கேரட்டும் கோசும் பூக்கோசும் போடுகிற தோட்டங்கள் உண்டு; அந்த ஒப்புமை அவருக்கு இயல்பாக வந்தது. மருத்துவப் பாடநூல்களும் இந்தப் புற்றை விவரிக்க அதே காயைத்தான் சொல்கின்றன என்பதைப் பிறகு அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட கலக்கத்தை இன்றும் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

ஆறுகிற புண்ணில் வரும் சதைக்கும் இந்தச் சதைக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது நான் உறக்கத்திலும் சொல்வேன். ஆறும் சதை சிவப்பாக, நேர்த்தியாக, தோலின் மட்டத்தோடு நின்றுவிடும். ஓரத்திலிருந்து வெளிர்நீல நிறத்தில் மெல்லிய தோல் உள்நோக்கி ஊர்ந்து வரும். புண்ணின் அளவு வாரத்துக்கு வாரம் சுருங்கும். எங்கள் வீட்டில் வளர்ந்தது வேறு. அது மேலெழுந்தது, ஆனால் புண் சுருங்கவில்லை. ஓரம் சரியாமல், வெளிப்பக்கமாகச் சுருண்டு மடிந்து தடித்திருந்தது. விரலால் அழுத்தினால் அடியில் பலகை போலக் கெட்டியாக இருந்தது. துணியை எடுத்தாலே இரத்தம் கசிந்தது. வாடை மாறியது, பழைய சீழ் வாடையை எனக்குத் தெரியும், இது அடுத்த அறை வரை வந்தது. நீலகிரித் தைலத்தைத் துணியில் தெளித்துக் கட்டில் காலில் கட்டிவைத்தோம். முப்பது ஆண்டுகள் உணர்வற்றுக் கிடந்த இடத்தில் இரவில் குத்துவலி வரத் தொடங்கியது. இத்தனைக்கும் பிறகும், சில புண்களில் கெடுதல் இல்லாத சதையே மட்டம் மீறி வளர்வதுண்டு, கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது, சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருந்தகத்தில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வாடை குறைந்தது, சீழ் குறைந்தது. புற்றின் மேல் கிருமிகள் குடியேறியிருந்தால் மாத்திரைக்கு அந்தக் கிருமிகள் அடங்கும், அடியில் இருப்பது அடங்காது. அந்தத் தற்காலிகக் குறைவு எங்களை இன்னும் ஒரு மாதம் ஏமாற்றியது.

டிசம்பரில் ஒரு மருத்துவமனையில் துணுக்கு எடுத்தார்கள். அதற்கு முன் வீட்டில் பெரிய வாக்குவாதம். கத்தி பட்டால் புற்று பரவும் என்று மாமா பிடிவாதமாக நின்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த இருவர் பயாப்ஸி எடுத்த சில மாதங்களில் இறந்திருந்தார்கள். நோய் முற்றிய பிறகு சோதனைக்குப் போகிறவர்கள் சோதனைக்குப் பின் சீக்கிரம் இறப்பதை, சோதனையால் இறந்ததாக ஊர் எண்ணிக்கொள்கிறது. தோல் புண்ணின் ஓரத்தில் துணுக்கு எடுப்பதால் நோய் பரவிவிடாது. எடுக்காமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் அது பரவுகிறது. அம்மாவே முடிவெடுத்தார்.

முடிவு எழுத்தில் வந்தது: நாள்பட்ட அழற்சி, புற்று அணுக்கள் காணப்படவில்லை. அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டோம். ஐந்து மாதங்கள் அதே மாலை ஆறரை மணி, அதே வெந்நீர். சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்தத் தாளை எடுத்துப் படித்து ஆறுதல் அடைந்தேன்.

2013 மே மாதம் கெண்டைக்காலில் எலும்பு தெரிகிறதோ என்று தோன்றியபோது, முதல் பேருந்தில் ஊட்டிக்குப் போய் அங்கிருந்து மலையிறங்கி, கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த அறுவை மருத்துவர் கட்டை அவிழ்த்ததும் புண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை வருஷமா இருக்கு, முதல்ல எப்படி வந்துச்சும்மா?” ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி. சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, நரம்பு சுருட்டல் உண்டா என்று கேட்டவர்கள் உண்டு. 1979ஆம் ஆண்டுத் தீயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தீக்காயம் வேறு, இந்தப் புண் வேறு என்றே நினைத்திருந்தோம்.

பழைய தாளைப் படித்துவிட்டு, எங்கிருந்து துணுக்கு எடுத்தார்கள் என்றார். நடுவில் என்றேன். புண்ணின் நடுவில் அழுகிய சதையும் சீழும் அழற்சியும்தான் இருக்கும், புற்றைத் தேட வேண்டிய இடம் ஓரம் என்று விளக்கி, நல்ல தோலும் கெட்ட சதையும் சேருமிடத்தில் நான்கு பக்கமும், நடுவிலும், ஆழமாக ஆப்பு வடிவில் எடுத்து அனுப்பினார். நான்கு ஓரத் துணுக்குகளில் மூன்றில், தோலின் மேலடுக்குச் செல்களில் தோன்றும் செதிள் செல் புற்றுநோய் இருந்தது. முதல் சோதனையைச் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைத்த துணுக்கில் உண்மையாகவே புற்று இல்லை. ஆனால் இத்தனை மாற்றங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, இல்லை என்று வந்த ஒற்றைத் தாளை நம்பி நின்றுவிடாமல் மறுபடியும் எடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

மார்ஜோலின் புண் என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ழான் நிக்கோலா மார்ஜோலின் பாரிசில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1828இல், பழைய வடுக்களில் எழும் மருவைப் போன்ற புண்களை அவர் விவரித்தார். ஆனால் அவை புற்று என்று அவர் கருதவில்லை. பார்த்தார், எழுதினார், இன்னதென்று அடையாளம் காணவில்லை. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அவரிடம் ஒரு நெருக்கம் உண்டானது. பிறகு வந்தவர்கள் அது புற்று என்று கண்டார்கள்; 1903இல் அமெரிக்காவில் டா கோஸ்டா என்ற அறுவை மருத்துவர் அதற்கு மார்ஜோலின் பெயரையே வைத்தார்.

நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய உறவான ஒரு நோய் உண்டு. காசுமீரத்தில் குளிர்காலத்தில் மக்கள் காங்கிரி என்ற, பிரம்புக் கூடைக்குள் வைத்த தணல் சட்டியை நீண்ட அங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொண்டு நடமாடுவார்கள். பல்லாண்டுச் சூட்டில் அந்தத் தோல் வலைபோலக் கருத்து, தடித்து, சிலருக்கு அங்கே புற்று வரும். 1866இல் ஸ்ரீநகரில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் இதை எழுதினார். எங்கள் கணப்புச் சட்டியும் காங்கிரியும் ஒரே குளிருக்குப் பிறந்தவை. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் முதிய பெண்களின் முன்னங்காலைக் கவனிக்கத் தொடங்கினேன். அடுப்புக்கு மிக அருகில் காலை நீட்டி உட்கார்ந்தே வாழ்ந்தவர்கள் சிலருக்கு அந்த வலைக் கருமை இருந்தது.

ஏன் புண்ணில் புற்று வருகிறது என்ற கேள்விக்கு அந்த மருத்துவர் சொன்ன விளக்கத்தை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன். புண் என்பது உடம்பு ஓயாமல் பழுதுபார்க்கும் இடம். தோலின் செல்கள் இடைவிடாது பிளந்து பெருகுகின்றன; ஒவ்வொரு பிளவிலும் மரபுப் பொருளைப் படியெடுக்கையில் பிழை நேரலாம். கிருமிகளைக் கொல்ல வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் நச்சுப் பொருள்கள் கிருமியோடு சேர்த்து நம் செல்களின் மரபுப் பொருளையும் சேதப்படுத்துகின்றன. சாதாரணமாக இத்தகைய பழுதான செல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் காவல் செல்கள், இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் அடைபட்டுப்போன வடுவுக்குள் நன்றாக வந்து சேர முடிவதில்லை. நாள்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863இலேயே சொல்லியிருந்தார். 1986இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹரால்ட் ட்வோராக் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்து, புற்றுக்கட்டிகளே ஆறாத புண்கள்தான், ஆறுவதற்கு உடம்பு வைத்திருக்கும் கருவிகளை எடுத்துத்தான் அவை வளர்கின்றன என்றார். புதுச் சதை வளர்கிறது என்று நான் சொன்னது முழுத் தவறும் இல்லை. ஆற்றுகிற வேலைதான் நடந்தது, அதை நிறுத்தும் கட்டளை போய்ச் சேரவில்லை.

இது அடிக்கடி நிகழ்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் படித்துவிட்டுத் தழும்பு உள்ள எல்லோரும் அஞ்சுவது என் நோக்கம் அன்று. ஆழமான தீக்காய வடுக்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இப்படி மாறுவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. காயம்பட்ட நாளிலிருந்து புற்று தோன்றுவதற்குச் சராசரியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அரிதாகச் சிலருக்கு ஓராண்டுக்குள்ளும் வந்திருக்கிறது. தீக்காயத்துக்கு அடுத்து, எலும்பில் சீழ் பிடித்து வருடக்கணக்கில் துளை வழியாகக் கசியும் கால்கள், நரம்பு சுருட்டலால் கணுக்காலில் வரும் புண்கள், படுக்கைப் புண்கள், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வரும் ஆழ்புண்கள் ஆகியவற்றில் இது தோன்றுகிறது. கறுப்புத் தோலுக்குத் தோல் புற்று வராது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. வெயிலால் வரும் தோல் புற்று நமக்குக் குறைவு என்பது மெய். தோலின் கருமை வெயிலைத் தடுக்கும். வடுவிலும் ஆறாப் புண்ணிலும் வரும் புற்றை அந்தக் கருமை தடுப்பதில்லை. நம்மைப் போன்ற நிறத்தவரிடம் செதிள் செல் புற்று வந்தால் அதற்குப் பழைய வடுவோ புண்ணோ காரணமாக இருப்பது அதிகம்.

தொழுநோயைச் சொன்னதால் இன்னொன்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்து வேலூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்குக் காரணம் நோய் தின்பது அன்று, வலி தெரியாமையால் திரும்பத் திரும்பப் படும் காயமே என்று காட்டினார். வலி இல்லாததை நாம் நலம் என்று எடுத்துக்கொள்கிறோம். அம்மாவின் வடுவிலும் வலி இல்லை, அதனால்தான் அது முப்பது ஆண்டு கவனிப்பாரற்று வெடித்து வெடித்து மூடியது.

அம்மாவின் தொடை இடுக்கில் ஒரு கட்டி இருந்தது. அதை மார்ச் மாதமே நாங்கள் கண்டோம். புண்ணுக்கு நெறி கட்டியிருக்கிறது என்று பேசிக்கொண்டு விட்டுவிட்டோம். காலில் புண் வந்தால் நெறி கட்டுவது வழக்கம்தானே. மருத்துவர் அதை உருட்டிப் பார்த்து, கெட்டியாக, வலியில்லாமல் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். வடுவுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லாததால் இந்தப் புற்று பல காலம் வெளியே போகாமல் அடைபட்டுக் கிடக்கும். நல்ல தோலை எட்டிய பிறகு அது சாதாரணத் தோல் புற்றைவிட வேகமாக நெறிகள் எனப்படும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். புற்று எலும்பைத் தொடாமல் இருந்தால் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் தோல் ஒட்டிக் காலைக் காப்பாற்றலாம். அம்மாவுக்கு முன்னங்கால் எலும்பில் புற்று இறங்கியிருந்தது.

ஜூலை மாதம் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். தொடை இடுக்கு நெறிகளையும் எடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. பிறகு கதிர்வீச்சு. டிசம்பரில் முதல் துணுக்கை ஓரத்தில் எடுத்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, தப்பியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அவர் மழுப்பாமல் சொன்னதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மயக்கம் தெளிந்த மறுநாள் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இனி ஆறரை மணிக்கு உனக்கு வேலையில்லை புள்ள” என்றார்.

அவர் ஆறு ஆண்டுகள் இருந்தார். புற்று திரும்பவில்லை. 2019இல் உறக்கத்தில் மாரடைப்பு வந்து போனார். சரிவில் ஏற முடியாததால் சாலையோரத்தில் வீடு பார்த்துக் குடிவந்தோம். அந்த வாசலில் ஊன்றுகோலைச் சார்த்திவிட்டு, கொழுந்து ஏற்றிப்போகும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்போது எங்கள் தெருவில் பெரியப்பா முறையில் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் விறகு லாரியிலிருந்து விழுந்து முன்னங்கால் எலும்பு உடைந்து, கம்பி வைத்து, சீழ் பிடித்து, அன்றிலிருந்து ஒரு துளை வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. ஊற்று என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். நான் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அவர் வீட்டுக்குப் போய், துளைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுப்பேன். அன்றாடம் பார்க்கும் கண்ணை நான் நம்புவதில்லை. சனவரிப் படத்தையும் ஆகஸ்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றம் தெரியும். கழிந்த ஆண்டு ஆடி மாதப் படத்தில் துளையின் ஓரம் தடித்து, சிவப்புச் சதை எழுந்திருந்தது. நல்லது வருகிறது என்று அவர் மனைவி சொன்னார். என் நாக்கு உலர்ந்தது. மறுநாள் விடியற்காலையில் அவரை அழைத்துக்கொண்டு மலையிறங்கினேன்; போகும்போது ஒரு தாளில் மூன்று வரி எழுதி எடுத்துப்போனேன்: பதினேழு ஆண்டுப் புண், கடந்த இரண்டு மாதத்தில் மாறியிருக்கிறது, ஓரத்தில் பல இடங்களில் ஆழமாகத் துணுக்கு எடுத்துப் பாருங்கள். அந்த மருத்துவர் தாளைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார், கோபப்படவில்லை.

ஆறு துணுக்குகள் எடுத்தார்கள். ஒன்றிலும் புற்று இல்லை. சதை எழும்பியதற்குக் காரணம் உள்ளே செத்துக் கிடந்த ஓர் எலும்புத் துண்டு. அதை எடுத்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, தசையைத் திருப்பி மூடித் தோல் ஒட்டினார்கள். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பதினேழு ஆண்டுகள் கழித்து அந்தக் காலில் ஈரமில்லாத வேட்டியைப் பார்ப்பது அவருக்கே நம்ப முடியாததாக இருந்தது.

எழுத்துப் பழக்கம் அதிகம் இல்லாத பெரியப்பா கைப்பேசியில் படம் அனுப்ப மட்டும் கற்றுக்கொண்டார். ஒன்றாம் தேதி காலையில் அது வந்துவிடும்: மூடிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஒட்டுத் தோல், அதன் பக்கத்தில் ஒரு ரூபாய்.